வாய் திறவாத மீன்

விரதத்தின் ஒன்பதாம் நாள் காலையில் நம்புவேல் அரியநாச்சியின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, ஒன்பது நாளா வெறும் தண்ணிதான். மனசு அடங்கல."

அரியநாச்சி அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பசிக்குதா அண்ணே?"

"இல்ல."

"பசியே இல்லன்னா அப்புறம் எதுக்கு விரதம்?"

நம்புவேல் அங்கேயே நின்றுகொண்டே இருந்தார். பூசணி முழுவதும் நறுக்கி முடிந்தது.

மடம் கடலை ஒட்டிய மணல்மேட்டில் இருந்தது. ஓலைக் கூரை, ஒரு கிணறு, ஏழு பேர். அரியநாச்சிதான் எல்லோருக்கும் இளையவர், முப்பத்தெட்டு வயது. முன்பு பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்களில் ஒருவராக இருந்தார். மடத்தை நடத்திவந்த பழைய சாமி கண் மூடும் முன் அவரைக் கூப்பிட்டு மடத்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். ஏன் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியல என்றுதான் அரியநாச்சி சொல்வார்.

நம்புவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. விசைப்படகில் டிரைவராக இருந்தவர். பத்து வருடம் முன்பு ஒரு மஞ்சள் பையோடு மடத்துக்கு வந்தார். உனக்கு யார் இருக்கிறார்கள் என்று பழைய சாமி கேட்டார். யாரும் இல்லை என்றார். அதன் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. அவருடைய விரதங்கள் சுற்று வட்டாரத்தில் பேர் பெற்றவை. வெள்ளிக்கிழமை வருகிற ஜனங்கள் அரியநாச்சியைக் கும்பிடுவார்கள். நம்புவேலின் காலில் விழுவார்கள்.

"நாளைக்குக் காலையில என்கூடக் கடலுக்கு வாங்க" என்றார் அரியநாச்சி. "கஞ்சி குடிச்சிட்டு வாங்க. வெறும் வயித்தோட கடல்ல இறங்கக் கூடாது."

"விரதம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கும்மா."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சு மனசு அடங்கட்டும்."

மறுநாள் நம்புவேல் கஞ்சி குடித்துவிட்டு வந்தார்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை இருந்தது. காலை நேரத்தில் அங்கே கழுத்தளவுத் தண்ணீர்தான். அரியநாச்சி ஒரு லாரி டியூபைக் கயிற்றால் கல்லில் கட்டினார். பாசி எடுக்கும் பெண்கள் போடுகிற கண்ணாடியை நம்புவேலின் முகத்தில் மாட்டிவிட்டார். ஒரு தட்டைக் கல்லைக் காட்டினார்.

"இந்தக் கல்லுக்கு அடியில பாருங்க. டியூபைப் புடிச்சுக்கிட்டுக் குப்புற மிதங்க. வெயில் ஏறினதும் வந்துடுங்க. சாயங்காலம் என்கிட்ட சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"பாத்ததை."

அன்று மாலை நம்புவேல் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாத்தீங்க?"

"ஆண்டவனோட லீலையப் பாத்தேம்மா. ஒவ்வொரு உயிருக்குள்ளயும்..."

"கல்லுக்கு அடியில எத்தனை மீன் இருந்துச்சு?"

"எண்ணல."

"நாளைக்கும் போங்க."

இரண்டாம் நாள் சொன்னார்: "ரெண்டு மீனு. விரல் நீளம். பெரிய கண்ணு. தலையில இருந்து வால் வரைக்கும் கோடு. ரெண்டும் ஒட்டினாப்பல நிக்குது. ஒண்ணுக்கு மட்டும் கன்னம் வீங்கியிருக்கு."

"அப்புறம்?"

"வீங்கின மீனு வாயைத் திறக்கவே இல்ல. சுத்தி இருக்குற சின்ன மீனெல்லாம் நீரோட்டத்துல வர்றதைக் கொத்திக் கொத்தித் தின்னுது. இது பாத்துக்கிட்டே நிக்குது. இதுக்குப் பேரு என்னம்மா?"

"எங்க ஊர்ல பேரு கெடையாது. ஏலத்துக்கு வராத மீனுக்கு யாரு பேரு வெப்பாங்க? வாயில என்ன இருந்துச்சு?"

"தெரியல."

"போய்ப் பாருங்க."

மூன்றாம் நாள் வெயில் ஏறிய பிறகும் அவர் கரைக்கு வரவில்லை. மாலையில் முதுகு கன்றிப்போய் வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரே ஒரு தடவை திறந்துச்சும்மா. கண்ணு மூடித் திறக்குற நேரம். உள்ள ஜவ்வரிசி மாதிரி கொத்தா இருந்துச்சு. அதை ஒரு பெரட்டுப் பெரட்டிட்டு மூடிக்கிச்சு."

"முட்டை."

"அதானே பாத்தேன். பாவம், தாய்."

"தாய் இல்ல அண்ணே. அதுதான் தகப்பன். பக்கத்துல நிக்குது பாருங்க, அவதான் தாய். அவ முட்டையைக் குடுத்தா. அவன் வாயில வாங்கிக்கிட்டான். பொரியுற வரைக்கும் அவனுக்குச் சாப்பாடு கெடையாது."

"எத்தனை நாளு?"

"எட்டு நாளு, பத்து நாளு. தண்ணிச் சூட்டைப் பொறுத்தது."

நம்புவேல் காலையில் குடித்த கஞ்சிக்காக வெட்கப்படுவதாகச் சொன்னார்.

அடுத்த நாள் அவர் அந்தக் கல்லுக்கு அப்பாலும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பாறையில பூ மாதிரி விரிஞ்சு ஆடுதே, அந்தக் கடல் சாமந்தியில ஆரஞ்சு மீனுங்க இருக்கும்மா. ஒண்ணு பெரிசு, ஒண்ணு நடுவாந்தரம், ரெண்டு பொடிசு. பெரிசு மத்ததை அதட்டிக்கிட்டே இருக்கு. அவன்தான் தலைவன் போல."

"பெரிசு பொம்பளை. நடுவாந்தரம் அவ புருசன். அவ செத்துட்டா புருசன் பொம்பளையா மாறிடுவான். பொடிசுல பெரிசு அவனுக்குப் புருசனாயிடும்."

நம்புவேல் சிரித்தார். "ஆம்பளை பொம்பளையா மாறுவானா?"

"பக்கத்துலயே இன்னொரு மீனு உண்டு. மத்த மீனோட மேல இருக்குற பேனைப் பொறுக்கித் தின்னும். அதுல ஒரு ஆம்பளைக்கு அஞ்சு பொம்பளை. அவன் செத்தா அஞ்சுல பெரியவ ஆம்பளையாயிடுவா. ஒடம்பு மாற நாளாகும். ஆனா அன்னைக்குச் சாயங்காலமே அவன் சுத்துன எடத்தை எல்லாம் அவ சுத்த ஆரம்பிச்சிடுவா."

"யாரும் அவளை நியமிக்காமலா?"

"செத்தவனோட வேலை கெடக்குதுல்ல."

"அப்ப எதும்மா தருமம்?"

"நான் மீனைப் பத்திச் சொன்னேன் அண்ணே."

வெள்ளிக்கிழமை வந்தது. ஜனங்கள் வந்தார்கள். நம்புவேல் அவர்களுக்கு அந்த மீனைப் பற்றிச் சொன்னார். சுற்றிலும் தீனி, வாயைத் திறப்பதில்லை, கடலுக்குள் ஒரு முனிவன் என்றார். அழகாகச் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் நம்புவேலின் காலைத் தொட்டு, "நீங்களும் அந்த மீன்தான் சாமி" என்றார். நம்புவேல் மறுக்கவில்லை.

அரியநாச்சி எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் நம்புவேல் மாலைவரை காத்திருக்கவில்லை. வெயில் ஏறும் முன்பே ஈர வேட்டியோடு மணல்மேட்டில் ஏறி வந்தார். மூச்சு இரைத்தது.

"முழுங்கிடுச்சும்மா."

அரியநாச்சி கிணற்றடியில் இருந்தார். வாளியை இறக்கி வைத்தார்.

"என் கண்ணு முன்னால. தொண்டை அசைஞ்சுது. ரெண்டு தடவை, மூணு தடவை. கன்னம் தட்டையாயிடுச்சு. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது."

"சில நேரம் அப்படி ஆகும்."

"ஏன்?"

"தெரியாது. முட்டை கொஞ்சமா இருந்திருக்கும். இல்ல, அதுக்குத் தெம்பு இல்லாம போயிருக்கும். பாசி எடுக்கப் போன காலத்துல நானும் நாலஞ்சு தடவை பாத்திருக்கேன்."

"பெத்த புள்ளைய முழுங்குறதா? அதுக்குப் பாவம் இல்லையா?"

"மீனுக்கு ஏது பாவம்?"

"நான் கல்லை எடுத்து எறிஞ்சேம்மா" என்றார் நம்புவேல். அவர் குரல் உயர்ந்துவிட்டது. மற்றவர்கள் கூரைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணு இல்ல, நாலு கல்லு. கையில கெடைச்சதை எல்லாம் எறிஞ்சேன்."

"பட்டுச்சா?"

"தண்ணிக்குள்ள எங்க படும்?"

"யாரை அடிக்கப் போனீங்க அண்ணே?"

நம்புவேல் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கிணற்றுத் திட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அரியநாச்சி மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் உள்ளே போனார்கள்.

வெகு நேரம் கழித்து நம்புவேல் சொன்னது இது.

அவருக்கு மனைவி இருந்தாள். பெயர் முத்துராக்கு. பெண் குழந்தை பிறந்து மூன்றாவது மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நம்புவேல் கடலில் இருந்தார். நான்கு நாள் கழித்துப் படகு கரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் அவரும் குழந்தையும் மட்டும். குழந்தை விடாமல் அழுதது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் மறுபடி அழும்.

"எனக்கு அது மேல கோவம் வந்துச்சும்மா. இது பொறந்ததாலதான் அவ போனான்னு. ஒரு நாளு அதோட வாயைப் பொத்தினேன்." நம்புவேல் தன் வலது கையைப் பார்த்தார். "எடுத்துட்டேன். உடனே எடுத்துட்டேன். அது நீலமா ஆகல, ஒண்ணும் ஆகல. மறுபடி அழுதுச்சு. அவ்வளவுதான். ஆனா இந்தக் கை பொத்துச்சு."

மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவியின் அண்ணன் கருமலையின் வீட்டுக்குப் போனார். பத்து நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அவருடைய ஊர் வந்தது. அவர் இறங்கவில்லை. பஸ் கடைசியாக நின்ற இடத்தில் இறங்கி, கடலோரமாகவே நடந்தார்.

"பழைய சாமிகிட்ட யாரும் இல்லன்னு சொன்னேன்."

"ம்."

"இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"நாளைக்கும் போய்ப் பாருங்க."

"அந்த மீனையா? என்னால முடியாது."

"முடியலன்னா போகாதீங்க. கஞ்சி ஆறுது."

நான்கு நாள் அவர் கடல் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் யாரும் சொல்லாமலே கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மீன்களும் அதே கல்லுக்கு அடியில் நின்றன. தாய் மீன் தகப்பனை விட்டுப் போயிருக்கவில்லை. அவர் தினமும் போனார். அரியநாச்சி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்த ஜனங்கள் மீன் கதை கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நம்புவேல் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்துல இருந்து ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டே நின்னுச்சு. ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. இன்னைக்கு மறுபடி கன்னம் வீங்கியிருக்கு."

"சரி."

"அவ மறுபடியும் அவன்கிட்டயே குடுத்திருக்கா."

"சரி."

"முழுங்குனது அவளுக்குத் தெரியும்ல? பக்கத்துலதான நின்னா."

அரியநாச்சி விளக்கேற்ற எழுந்து போனார்.

ஒன்பது நாள் கழித்து ஒரு காலையில் மீனின் கன்னம் தட்டையாக இருந்தது. நம்புவேல் கல்லைச் சுற்றிச் சுற்றித் தேடினார். குஞ்சுகள் கண்ணில் படவில்லை.

"பொரிச்சு விட்டுடுச்சா, முழுங்கிடுச்சா? எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"நம்மால முடியாது. குஞ்சு ஊசிமுனை அளவு இருக்கும். விட்டதும் நீரோட்டம் கொண்டு போயிடும்."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"அந்த மீனுக்குத் தெரியும்."

மறுநாள் காலை நம்புவேல் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். அரியநாச்சி தலையசைத்தார்.

கருமலையின் வீடு பத்து வருடத்தில் ஓட்டு வீடாகியிருந்தது. வாசலில் ஒரு சிறுமி காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றி முத்துராக்குவின் நெற்றி. காவி வேட்டியைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, ஒரு சாமி வந்திருக்காரு!"

கருமலை வெளியே வந்தார். பார்த்தார். நிலைக்கதவில் கை வைத்து நின்றார். பிறகு, "உக்காருங்க சாமி" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

நம்புவேல் உட்கார்ந்தார். சிறுமியிடம் பெயர் கேட்டார்.

"முனீஸ்வரி."

"என்ன படிக்கிற?"

"அஞ்சாப்பு. நீங்க எந்தக் கோயில் சாமி?"

"கோயில் இல்லம்மா. கடலோரத்துல ஒரு மடம்."

"அங்க என்ன பண்ணுவீங்க?"

நம்புவேல் யோசித்தார். "சும்மாதான் இருப்போம்."

அவள் சிரித்தாள். உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தண்ணீர்ச் சொம்பை வைத்தாள்.

"நான் விரதம்மா" என்றார் நம்புவேல்.

"எங்க வீட்டுல சாப்பிடக் கூடாதா?"

"அப்படி இல்ல. விரதம்."

முனீஸ்வரி தட்டையும் அவரையும் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு வெளியே வரவில்லை.

கருமலை பஸ் நிறுத்தம்வரை கூட நடந்து வந்தார்.  பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினார்.

"பத்து நாளுன்னு சொன்னீங்க. பதினோராம் நாளு நான் இங்கதான் வந்து நின்னேன். ஒரு மாசம் நின்னேன்."

நம்புவேல் தலை குனிந்தார்.

"பேச ஆரம்பிச்சப்ப என்னைய அப்பான்னு கூப்பிட்டுச்சு. நான் திருத்தல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க. நான் சொல்லவும் மாட்டேன், சொல்ல வேணாம்னு தடுக்கவும் மாட்டேன்."

பஸ் வந்து நின்றது. நம்புவேல் ஏறினார்.

நம்புவேல் மடத்துக்குத் திரும்பிய நான்காம் நாள் அரியநாச்சி வலைத்துண்டில் பயறு சலித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கொடியில் எத்தனை துணி காய்ந்தது என்பதுவரை சொன்னார்.

அரியநாச்சி கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் அப்பான்னு வாய்வரைக்கும் வந்துச்சும்மா. திறக்கல. அவ கருமலைய அப்பான்னு கூப்பிட்டதைக் கேட்டதும் மூடிக்கிட்டேன். அது அவ மேல உள்ள பிரியமா, என்னோட பயமா? எனக்கே தெரியல."

"அன்னைக்கு உங்களுக்கு விரதமா?"

நம்புவேல் தயங்கினார். "இல்ல."

"சோறு போட்டாளே, என்ன குழம்பு?"

"தெரியல."

"வாசம்கூடவா வரல?"

"பாக்கலம்மா. தட்டையே பாக்கல."

அரியநாச்சி சலித்த பயறைப் பானையில் கொட்டினார். வலைத்துண்டை உதறினார். கடலில் ஏற்றம் தொடங்கியிருந்தது. பவளப்பாறை இருந்த இடம் தெரியாமல் தண்ணீர் மூடிக்கொண்டு வந்தது.

"மறுபடி போகணும்மா" என்றார் நம்புவேல். "இந்தத் தடவை அவகிட்ட என்ன சொல்றது, எப்படி ஆரம்பிக்கிறது? நீங்கதான் சொல்லணும்."

"பசியோட போங்க அண்ணே."